கைக்குட்டையில் ஓர் அங்குலம்

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய கம்பெனியிலிருந்து. அந்தக் காலத்தில் அங்கே எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி செய்தோம். இப்போது பெட்டியும் இல்லை, பட்டறையும் இல்லை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் எங்கள் பட்டறை இருந்த சந்தில் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. கம்பெனி அடையாறில் ஒரு மாடியில் உட்கார்ந்து செல்போனுக்கு ஆப் செய்கிறது. சுருதிப்பெட்டி இப்போது எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. யாரும் பாடுகிற மாதிரிதான் தெரியவில்லை.

பேசியவர் நிவேதா. அந்த ஆப்புக்கு நிரல் எழுதுகிறவர். அவர் சொல்லும் சென்ட் நிலத்தை அளப்பதல்ல, சுருதியை அளப்பது, பின்னால் சொல்கிறேன்.

"சார், நம்ம ஆப்ல பாடறவங்க சுருதி சேர்ந்தா பச்சை லைட் வரும், விலகினா சிவப்பு. அந்த எல்லை ஆறு சென்ட்னு இருக்கு. உங்க காலத்துப் பெட்டியிலேர்ந்து அப்படியே வந்திருக்கு. ஏன் ஆறுன்னு இங்க யாருக்குமே தெரியல. அஞ்சுன்னு மாத்திடலாமா? பாக்கவும் நல்லா இருக்கும்."

"ஏழுன்னு வெச்சுடுங்களேன். சப்த ஸ்வரத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றேன்.

மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. பயந்துபோய், "அம்மா, அது கேலி. எதையும் மாத்தாதீங்க" என்று கத்தினேன்.

மறுநாள் அவருடைய முதலாளி பேசினார். எங்கள் பழைய முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்போம். ஆப்பில் 'எங்கள் பயணம்' என்று ஒரு பக்கம் வைக்கப் போகிறாராம். அந்த ஆறு எப்படி வந்தது என்று முந்நூறு சொல்லில் எழுதித் தர வேண்டுமாம். "பாசிட்டிவா எழுதுங்க அங்கிள்" என்றார். முந்நூறு சொல்லில் பாசிட்டிவாக எழுத வேண்டுமென்றால் முதலில் என்னை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது முடியாததால் நீளமாக, உள்ளபடி எழுதுகிறேன். அவர் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். மேற்கு மாம்பலத்து சந்து ஒன்றில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்லூரிக்குப் போய், லாகரிதம் அட்டவணையை மனப்பாடம் செய்யாத குறையாகப் படித்து, இரண்டு வருஷம் வேலை தேடினேன். கிடைத்தது சுருதிப்பெட்டி கம்பெனியில் 'டெஸ்டிங் இன்சார்ஜ்'. எனக்குச் சங்கீதம் தெரியுமா என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை. முதலாளிக்கும் தெரியாது என்பதால் அந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் பெரிய துணிக்கடை. மார்கழி வந்தால் பட்டுப்புடவை வாங்குகிற பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று ஒரு வருஷம் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார். கச்சேரிக்குப் போனார்கள். கச்சேரியில் மேடைக்கு மேடை ஒரு பெட்டி ஊம் என்று ஊதிக்கொண்டிருந்தது. அதைச் செய்கிறவன் நாமாக இருந்தால் என்ன என்று அங்கேயே தோன்றிவிட்டது. கச்சேரியில் யார் பாடினார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை ஞாபகம் வரவில்லை.

என் பெயரையும் அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. "ஏ பி.எஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார். துணிக்கடை நடத்தியவருக்கு உலகத்தில் நம்பிக்கையான பொருள் ஒன்றே ஒன்று: அளவுகோல். மனிதர்கள் பேசுவார்கள், கோல் பேசாது என்பார். ஆகவே அதிர்வெண் எண்ணும் கருவி ஒன்று வாங்கினார். ஓர் ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டும். நாங்கள் அதைக் கவுண்டர் என்போம். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்ததில் நூறாம் இட இலக்கம் மறைந்துபோனது. ஒரு வாரம் கவுண்டர் கணக்கில் எல்லாப் பெட்டியும் பாதாளத்தில் இறங்கிப் பாடின. யாரும் துடைக்கத் துணியவில்லை.

கவுண்டர் வந்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"பி.எஸ்ஸி, எவ்வளவு தப்பு வரைக்கும் விடலாம், எதுக்கு மேல தள்ளணும், அதை ஒரு ரூலா எழுதிப் போடும். நாளைக்கு எவனும் கேள்வி கேக்கப்பிடாது."

எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவுண்டரை ஒரு விநாடி எண்ண விடலாம், பத்து விநாடியும் எண்ண விடலாம். பத்து விநாடி வைத்தால் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் வேலை ஊரும். எனவே ஒரு விநாடியில் வைத்தோம். அதில் கடைசி இலக்கம் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், நிற்காது. நிற்காத இலக்கத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்த அறிவியல் விதி: 'ஓர் எண் வரை விடு, ஓர் எண்ணுக்கு மேல் தவறினால் தள்ளு.' கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே பி.எஸ்ஸி. அண்ணாச்சி அதை அட்டையில் ஒட்டி, கண்ணாடித்தாள் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார்.

அந்த விதியில் என்ன கோளாறு என்பது கொஞ்சம் லாகரிதம் தெரிந்தவனுக்குப் பளிச்சென்று தெரியும். எனக்கு நிறையத் தெரியும். அதனால்தான் தெரியவில்லை போலிருக்கிறது.

விஷயம் எளிமையானது. ஸட்ஜமம், அதாவது ஸா, விநாடிக்கு நூறு முறை அதிர்ந்தால் மேல் ஸட்ஜமம் இருநூறு. அதற்கும் மேல் ஸட்ஜமம் முந்நூறு இல்லை, நானூறு. காதுக்கு இரண்டு தாவலும் ஒரே தூரம். எண்ணில் பார்த்தால் ஒன்று நூறு, மற்றது இருநூறு. அதாவது காது கூட்டிக் கேட்பதில்லை, பெருக்கிக் கேட்கிறது. வீணையைப் பாருங்கள்: தலைப்பக்கம் மெட்டுகள் காலாட்டி உட்கார இடம்விட்டு இருக்கும், கீழே வரவர மார்கழி மாத சபா கேன்டீன் வரிசை மாதிரி நெருக்கியடித்து நிற்கும். காதுக்கு எல்லாம் ஒரே இடைவெளிதான்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் வானத்தை அளக்கிறவர்கள் பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்தபோது கிடைத்த வரம் லாகரிதம். பெருக்கலைக் கூட்டலாக்கிக் கொடுக்கும். காது பெருக்குகிறது, லாகரிதம் அதைக் கூட்டலாக்குகிறது. ஆகவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் எவ்வளவு தூரம் என்று கோல் வைத்து அளக்க ஒரு வழி பிறந்தது. இரண்டின் லாகரிதம் புள்ளி மூன்று பூஜ்யம் ஒன்று என்பதால் ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு ஸ்தாயியை, அதாவது ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரையுள்ள தூரத்தை, முந்நூற்றொரு துண்டாக நறுக்கினார். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானத்துக்கும் அதைப் பங்கு போட முயன்றால் குடும்பத்தில் சண்டைதான் வரும். பின்னால் வந்த ஆங்கிலேயர் ஒருவர் ஆயிரத்திருநூறாக நறுக்கி ஆளுக்கு நூறு கொடுத்தார். அந்தத் துண்டின் பெயர்தான் சென்ட். பல நாட்டு வாத்தியங்களை அளந்து ஒப்பிட்ட அந்த மனிதருக்கு ஸ்வர ஞானமே கிடையாது என்று எங்கோ படித்தேன். உடனே அவர்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துத் தேறியவன் பட்டறைக்கு வந்து, மேல் ஸ்வரத்துக்கும் ஓர் எண், கீழ் ஸ்வரத்துக்கும் அதே ஓர் எண் என்று விதி எழுதி மாட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் சுவரில் தொங்கியது.

இனி கன்னியம்மா. பட்டினப்பாக்கத்திலிருந்து வருவார். ஈயம் உருக்கி ஒயரை ஒட்டும் சாலிடர் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். புருஷன் வீட்டுக்கு வந்தால் வந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒருநாள் நான் சரி என்று சீட்டு ஒட்டி அடுக்கிய பெட்டிகளைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"சார், இந்தப் பொட்டி ஏறிக்கினு கீது."

"மிஷின் சரின்னு சொல்லுது."

"மிஷின் சொல்லுது சார். பொட்டி இன்னா சொல்லுதுன்னு நீ கேட்டியா?"

அண்ணாச்சிக்கு இது காதில் விழுந்தது. சம்பளம் ஏற்றாமல் ஒரு கூடுதல் வேலை வாங்க முடிந்தால் அதை விடுகிறவர் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கினார். சத்தம் உள்ளே வராமலிருக்கத் துணிக்கடையில் விலைபோகாத ஜமக்காளங்களைச் சுற்றிலும் அடித்தார். அதற்குக் காது ரூம் என்று பெயர். கன்னியம்மா அதில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நான் கவுண்டரில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கவுண்டர் சொன்னதே தீர்ப்பு.

அவர் கேட்கும் முறையை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் பெட்டியை அரை மணி சூடேற விடுவார். குளிர்ந்த பெட்டி பொய் சொல்லும் என்பார். பக்கத்தில் ஒரு மாதிரிப் பெட்டி இருக்கும், அதற்கு மூத்தது என்று பெயர் வைத்திருந்தார். மூத்ததையும் புதியதையும் சேர்த்து ஒலிக்க விடமாட்டார். சேர்த்து விட்டால் இரண்டும் மோதி வவ்வவ் என்று அலை அடிக்கும், அதை நான்கூட எண்ணிவிடுவேன். அவர் மூத்ததைக் கேட்பார், நிறுத்துவார், ஒரு மூச்சு விடுவார், அப்புறம்தான் புதியதைத் திறப்பார். வாய் திறக்காமல் தொண்டைக்குள் வாங்கிப் பார்ப்பார். பிறகு சாக்பீஸால் பெட்டிமேல் ஒரு கோடு அல்லது ஒரு பெருக்கல் குறி. காரணம் கேட்டால், "ஒக்காரல சார்" என்பார். எத்தனை எண் உட்காரவில்லை என்று கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

நாங்கள் இரண்டு வகைப் பெட்டி செய்தோம். ஆண்கள் பாட ஒன்றாம் கட்டைச் சுருதியில் ஒரு பெட்டி. அதன் கீழ் ஸட்ஜமம் அறுபத்தைந்து சொச்சம் அதிரும். பெண்களுக்கு ஐந்து கட்டைப் பெட்டி. அதன் மேல் ஸட்ஜமம் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆண் பெட்டி விற்றதில் பாதி திரும்பி வந்தது. பெண் பெட்டி கடைக்கே போகவில்லை, கவுண்டர் தள்ளிக்கொண்டே இருந்தது.

மாடவீதியிலிருந்து ஒரு வித்வான் மாமா தன் பெட்டியை மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணாச்சி அறைக்கு வந்தார்.

"இங்க பாருங்கோ, ஆத்துல கார்த்தால உக்காந்துண்டு சாதகம் பண்ணலாம்னா, நான் ஒரு ஸா பிடிக்கறேன், இது ஒரு ஸா பிடிக்கறது. ரெண்டு பேரும் தனித்தனியா பாடிண்டிருக்கோம். எனக்கு வயசாச்சு, அதுக்கு என்ன கேடு?"

அண்ணாச்சி கவுண்டரில் வைத்துக் காட்டச் சொன்னார். விதிப்படி பெட்டி சுத்தம். மாமா கவுண்டரை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, "அப்போ இந்த மிஷினையே பாடச் சொல்லுங்கோ" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

"பொடி போட்டுப் போட்டுக் காது அடைஞ்சு போச்சு பாத்துக்கிடும்" என்றார் அண்ணாச்சி. மூக்கில் போடுகிற பொடி காதை எப்படி அடைக்கும் என்று நான் கேட்கவில்லை. நான் பி.எஸ்ஸி., சொன்னால் தலையாட்டப் படித்தவன்.

ஆனால் புகார்கள் நிற்கவில்லை. அண்ணாச்சி ஒரு மாதம் கன்னியம்மாவின் தீர்ப்பையும் கவுண்டரின் தீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகாத பெட்டியை மட்டும் பத்து விநாடி வைத்து நுணுக்கமாக அளந்து குறித்தேன். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"பாத்தீரா வே? பெண் பெட்டியில மிஷின் தள்ளுதத இவ விடுதா. ஆண் பெட்டியில மிஷின் விடுதத இவ தள்ளுதா. ரெண்டு பக்கமும் தப்பு. ஒரு பக்கம் தப்புன்னாலும் பழக்கிப் பாக்கலாம். இன்னொரு மிஷின் வாங்கிப் போட்டுருவோம். இவள அனுப்பிரணும். நீரு நம்பரோட ஒரு குறிப்பு எழுதி திங்கக்கெழமை கொண்டாரும். வக்கீல் பாத்தாலும் அசரணும்."

கன்னியம்மா கதவுக்கு வெளியேதான் சாலிடர் மேஜையில் இருந்தார். கேட்டாரா என்று தெரியாது. அந்தக் காதுக்குக் கேட்காமல் இருந்திருக்குமா என்று நான் யோசிக்கவும் விரும்பவில்லை.

நான் மறுத்துப் பேசினேன் என்று எழுதினால் இந்த இடத்தில் படிக்க நன்றாக இருக்கும். பேசவில்லை. "சரி அண்ணாச்சி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்துக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி சரளமாக வந்தது. பிறகு எனக்கு ஓர் ஆசை. வெறும் எண்ணாகப் போட்டால் எடுப்பாக இல்லை, சென்ட்டில் மாற்றிப் போட்டால் ஆராய்ச்சி மாதிரி இருக்கும். ஒரு தொழிலாளியை வேலையை விட்டு அனுப்பும் காகிதம் கௌரவமாக இருக்க வேண்டாமா? கால்குலேட்டர் அண்ணாச்சியின் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது, பேட்டரி தேயுமாம். நான் கல்லூரி லாகரிதம் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

கணக்கு இதுதான். இரண்டு எண்ணுக்கும் லாகரிதம் பார், கழி, வந்ததை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறால் (ஆயிரத்திருநூறை இரண்டின் லாகரிதத்தால் வகுத்தால் வருவது) பெருக்கு. சென்ட் வந்துவிடும். கன்னியம்மா தள்ளிய ஆண் பெட்டி ஒன்றை எடுத்தேன். இருக்க வேண்டியது 65.4, இருந்தது 65.8. அரை எண்கூட விலகவில்லை, கவுண்டர் ஆசீர்வதித்து அனுப்பிய பெட்டி. லாகரிதங்கள் 1.8156, 1.8182. வித்தியாசம் 0.0026. பெருக்கினால் பத்து சென்ட். அடுத்தது அவர் விட்ட பெண் பெட்டி. இருக்க வேண்டியது 392, இருந்தது 393.2. ஓர் எண்ணுக்கு மேல் விலகல், கவுண்டர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பெட்டி. லாகரிதங்கள் 2.5933, 2.5946. வித்தியாசம் 0.0013. பெருக்கினால் ஐந்து.

பேனாவைக் கீழே வைத்தேன். கெட்ட பெட்டியை நான் விட்டிருக்கிறேன், நல்ல பெட்டியை நான் தள்ளியிருக்கிறேன். என் அருமை விதியையே சென்ட்டில் போட்டுப் பார்த்தேன். அந்த ஓர் எண், பெண் பெட்டியின் உச்சியில் நாலு சென்ட். ஆண் பெட்டியின் அடியில் இருபத்தாறு. மயிலாப்பூர் ஆண்கள் எல்லாரும் என்னால் ஒரு ஸ்வரத்தில் கால்வாசி தள்ளி உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள்.

நோட்டு முழுவதையும் மாற்றினேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மேலே, கீழே, ஆண், பெண், எந்தப் பெட்டியாக இருந்தாலும் கன்னியம்மா ஆறு சென்ட்டுக்கு மேல் ஒன்றையும் விடவில்லை. ஆறுக்குள் இருந்ததைத் தள்ளவில்லை. ஒரே ஒரு பெட்டிதான் இடித்தது, இரண்டு சென்ட் விலகலுக்குத் தள்ளியிருந்தார். அப்பாடா, அவருக்கும் தப்பு வரும் என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு. அந்த நானூறு வருஷத்து ஐரோப்பியக் கணக்கு, ஸ்தாயியை நறுக்கிய பெரியவர்கள், நாலு இலக்க அட்டவணை எல்லாம் சேர்ந்து போய் நின்ற இடத்தில் பட்டினப்பாக்கத்துக் கன்னியம்மா முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் காது ரூமுக்குப் போய் அந்த இரண்டு சென்ட் பெட்டியைக் காட்டி ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள திருகு லூஸ் சார். இப்ப கரீட்டாதான் கீது. ஆட்டோல போனா எங்க போவும்னு அதுக்கே தெரியாது" என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். ஸ்வரம் நகர்ந்தது. என் அற்ப சந்தோஷமும் போயிற்று.

அண்ணாச்சியிடம் போனேன். பெருக்கல், கூட்டல், லாகரிதம் என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "வே, ஒரு மீட்டர்னா மதுரையிலயும் ஒரு மீட்டர், மெட்ராஸ்லயும் ஒரு மீட்டர். மேல ஒரு மீட்டரு கீழ ஒரு மீட்டருன்னு எவனாவது சொன்னா அவன் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். குறிப்பு எங்க?" என்றார்.

குறிப்பு என் பையில் இருந்தது. கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். வெளியே சாலிடர் மேஜையில் கன்னியம்மா டிபன் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அவருடைய கடை ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, நம்ம கடையில கைக்குட்டை ஒரு அங்குலம் குறைஞ்சா என்ன ஆகும்?"

"மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போவான்."

"ஒன்பது கஜம் புடவை ஒரு அங்குலம் குறைஞ்சா?"

"கட்டுதவளுக்கே தெரியாது. அது ஒரு குறையா?"

"ஆண் பெட்டி கைக்குட்டை அண்ணாச்சி. பெண் பெட்டி புடவை. நாம ரெண்டுக்கும் ஒரே அங்குலத்த வெச்சுத் தள்ளிட்டிருக்கோம். கன்னியம்மா துணிக்குத் தக்கபடி பாக்குறாங்க."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு முகம் சிவந்தது.

"அப்ப இந்த ரூல எழுதுன கூறுகெட்ட பய யாரு?"

என்னை எழுதச் சொன்னதே தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. அட்டை அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை, மூக்குக் கண்ணாடியும் மேஜைமேல் இருந்தது. கன்னியம்மாவுக்காகப் பேச எங்கிருந்தோ வந்த தைரியம் எனக்காகப் பேச வரவில்லை.

"கவுண்டர் வித்த கம்பெனிக்காரன் சொல்லிட்டுப் போனது அண்ணாச்சி" என்றேன்.

இருக்கிற ஊரும் பெயரும் தெரியாத ஒரு விற்பனைப் பிரதிநிதியை அண்ணாச்சி அன்றைக்குத் திட்டித் தீர்த்தார். நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். புது எல்லை ஆறு சென்ட் என்றதும், "ஆறா? முருகன் நம்பருல்லா, போட்டுரும்" என்றார். ஆறு எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை. மதியம் அவர் சாப்பிடப் போனபோது அட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பையில் இருந்த குறிப்பை அடுப்பில் போட்டேன். அட்டையை ஏனோ போட மனம் வரவில்லை. இன்னும் பீரோவில் இருக்கிறது.

சாயங்காலமே அண்ணாச்சி கன்னியம்மாவிடம் பெருந்தன்மையாக, "உன்னைய அனுப்பியிருப்பேன். பி.எஸ்ஸிதான் காப்பாத்துனாரு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கன்னியம்மா எனக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தார். "நீ இல்லன்னா என் பொண்ணுங்க கதி இன்னா சார்" என்று கண் கலங்கினார். குழியையும் வெட்டிவிட்டுக் கையையும் கொடுத்துத் தூக்கியவனுக்கு முறுக்கு. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. வித்வான் மாமா தன் பெட்டியை மறுபடி மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். நன்றி சொல்லவில்லை, ஆனால் திரும்பவும் வரவில்லை. சில வருஷம் கழித்து தி. நகர் மண்டபம் ஒன்றில் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "நான் லாகரிதம் படிச்சது துணிக்கடையில" என்று கைக்குட்டைக் கதையைச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கன்னியம்மா கடைசி வரிசையில் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறும் வரைக்கும் சம்பள நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'சாலிடர் ஹெல்பர்' என்றுதான் இருந்தது. அந்த நோட்டிலும் மாதாமாதம் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இதை எழுத ஆரம்பித்ததும் அவருக்குப் போன் செய்தேன். இப்போது கண்ணகி நகரில் மூத்த பெண்ணோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே என் முதல் 'ஹலோ'விலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா சார், குரல் எறங்கிப்போச்சு. ஒடம்புக்கு நல்லா கீதா?"

விஷயத்தைச் சொன்னேன். உங்கள் ஆறுதான் இன்றைக்கும் ஊரெல்லாம் பச்சை விளக்குப் போடுகிறது, உங்கள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன்.

பேரப்பிள்ளைகளை ஓர் அதட்டு அதட்டிவிட்டுப் பேசினார்.

"போடு சார், இன்னாத்துக்கு வேணாங்கறேன்? அப்டியே அந்த அட்டைய எழுதினது யாருன்னும் போட்டுடு."

பீரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ அத கழட்டி சட்டைக்குள்ள சொருவிக்கினு போனத பாத்துக்கினுதான் இருந்தேன் சார். ஆணி மட்டும் செவுத்துலயே இருந்துச்சு. எனக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரியும்."

"அப்போ அந்த முறுக்கு?"

"பொண்ணுங்களுக்காவ சுட்டேன் சார். வேலைய வாங்கிக் குட்தவனும் நீதான, போவட்டும்னு ஒரு டப்பா உனுக்கும் எடுத்தாந்தேன்."

போட்டுவிட்டேன் கன்னியம்மா. 'ஓர் எண்ணுக்கு மேல் தவறினால் தள்ளு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியும் இல்லை. ஆறு உங்களுடையது.

நிவேதா, அதை ஐந்தாக்க வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டாம். கண்ணகி நகருக்குப் போய் அவரைக் கேளுங்கள். அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.